சாந்துமா முகாமின் தூரம்

போர்த்துகீசியரை எதிர்த்து நாங்கள் நடத்திய விடுதலைப் போரின் ஆறாவது ஆண்டில், மழை பிடிக்க ஒரு மாதம் இருக்கும்போது, எங்கள் தெற்கு முனைக்கு எலாடியோ என்ற கியூபா பீரங்கிக்காரர் வந்து சேர்ந்தார். அவருடைய கடவுச்சீட்டில் வேறு பெயர் இருந்தது. வெளியே சொல்லப்பட்டதன்படி எங்கள் நாட்டில் கியூபாக்காரர் ஒருவரும் கிடையாது. பிடிபட்டால் தான் யார் என்று சொல்லக்கூடாது என்று புறப்படும்போதே அவரிடம் உறுதி வாங்கியிருந்தார்கள்.

"இல்லாத ஆளுக்குச் சோறு மட்டும் போடணுமாக்கும்," என்றார் எங்கள் சமையல்காரர். போடவும் செய்தார். செம்பனை எண்ணெய் மிதக்கும் சிப்பிக் குழம்பை எலாடியோ முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். இரண்டாம் வாரம் மறுசோறு கேட்டார்.

என் பெயர் இன்ஃபாலி தாபோ. போருக்கு முன் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் ஐந்து வருஷம் மீன்பிடிப் படகில் இருந்தேன். அங்கே படிந்த ஸ்பானிய மொழி இங்கே எனக்கு வேலையாயிற்று. எலாடியோ சொல்வதை எங்கள் ஆட்களுக்கும் எங்கள் ஆட்கள் சொல்வதை எலாடியோவுக்கும் சொல்வேன். துப்பாக்கியும் வைத்திருந்தேன். ஆனால் என்னை யாரும் சண்டைக்காரனாகக் கணக்கில் எடுத்ததில்லை.

எங்கள் தளபதி பிதிந்தே. சதுப்பில் நெல் விளைவிக்கும் பலாந்தா இனத்தவர். சேற்றில் வரப்பு போட்டுப் போட்டு உரமேறிய தோள்கள். குறைவாகப் பேசுவார். கியூபாவுடன் ஒப்பந்தம் என்னவென்றால், அவர்கள் கற்றுக்கொடுப்பார்கள், கட்டளை எங்களுடையது. எலாடியோ வந்த அன்றே பிதிந்தே அதை என் வழியாக அவருக்குச் சொன்னார். "தெரியும். அதுக்கு சம்மதிச்சுதான் கப்பல் ஏறினேன்," என்றார் எலாடியோ.

அவரை வரவழைத்ததே சாந்துமாவுக்காகத்தான். ஆற்று வளைவில் தூகாக்கள் அங்கே முகாம் போட்டிருந்தார்கள். போர்த்துகீசியரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நூற்றிருபது சிப்பாய்கள், இரண்டு பீரங்கி, ஒரு வானொலிக் கம்பம். அந்த முகாம் இருக்கும்வரை எல்லையிலிருந்து வரும் எங்கள் சுமைகள் ஐந்து நாள் சுற்றுப்பாதையில் வரவேண்டியிருந்தது. மூன்று முறை தாக்கினோம். இரண்டு முறை குண்டுகள் காட்டில் விழுந்தன. ஒரு முறை குடிசைகளின் மேல் விழுந்து எங்கள் சனமே நான்கு பேர் செத்தார்கள். ஏனென்றால் தூகாக்கள் சுற்றுவட்டார ஊர்களையெல்லாம் காலி செய்து, சனங்களை முகாமின் மூன்று பக்கமும் முள்கம்பிக்குள் குடியமர்த்தியிருந்தார்கள். எங்கள் குண்டுக்கு அவர்களே மதில்.

எலாடியோ ஒரு வாரம் மரத்துக்கு மரம் ஏறித் தொலைநோக்கியால் பார்த்தார். பிறகு தளபதியிடம் வந்தார்.

"வழக்கமா ஒரு குண்டு போட்டுப் பாப்போம். எங்க விழுந்துதுன்னு பாத்துத் திருத்தி அடுத்தது போடுவோம். இங்க அது ஆகாது. முதல் குண்டு குடிசைல விழும். ரெண்டாவது விழறதுக்குள்ள அவனுங்க பதுங்குகுழிக்குள்ள போயிடுவானுங்க. முதல் குண்டே சரியா விழணும். அதுக்கு எனக்குத் தூரம் தெரியணும்."

"எவ்வளவு சரியா?"

"பத்து மீட்டர் முன்னப்பின்ன இருக்கலாம். முப்பது மீட்டர் இருக்கக்கூடாது."

முகாமின் வாசலுக்கு எதிரே பாதையோரம் ஒரு பெரிய இலவ மரம் நிற்கிறது. எங்கள் மார்ட்டரை, அதாவது குண்டை உயரே எறியும் குட்டைக் குழாய்ப் பீரங்கியை, வைக்கப்போகும் இடத்திலிருந்து அந்த மரத்தின் உச்சி தெரியும். அதுவரைக்கும் உள்ள தூரத்தை எலாடியோ தன் கருவியால் அளந்துவிட்டார். அதற்கு அப்பால் எல்லாம் தாழ்ந்த கூரைகள், ஒன்றும் தெரியவில்லை. யாராவது உள்ளே போய் அளந்து வரவேண்டும்.

அப்படித்தான் கின்டா இதில் வந்தாள்.

கின்டா என்றால் தூகா மொழியில் வியாழக்கிழமை. அவளுடைய தங்கை பெயர் செகுந்தா, திங்கட்கிழமை. பதிவு செய்த தூகா எழுத்தனுக்கு பலாந்தாப் பெயர்களைக் கேட்டு எழுதப் பொறுமை இல்லை, பிறந்த கிழமையை எழுதிவிட்டான். கின்டாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். விமானம் குண்டு போட்டு அவளுடைய நெற்குதிரும் புருஷனும் ஒரே நாளில் எரிந்துபோனார்கள். அதற்குப் பிறகு சுமைகாரப் பெண்களின் தலைவியாக எங்களோடு இருந்தாள். எல்லையிலிருந்து தலைக்கு இரண்டு குண்டு வீதம் சுமந்து வந்தவர்கள் அவளுடைய ஆட்கள்தான். செகுந்தாவோ சாந்துமாவில், முள்கம்பிக்கு உள்ளே. அவளுடைய புருஷன் இஸ்னாபா தூகாக்களின் ஊர்க்காவல் படையில் சீருடை போட்டிருந்தான். தங்கையைப் பார்க்க மீன் கருவாடு எடுத்துக்கொண்டு கின்டா முன்பு இரண்டு முறை உள்ளே போய் வந்திருக்கிறாள். வாசல்காரர்களுக்கு அவள் முகம் தெரியும்.

"காலால அளக்கச் சொல்றாரா?" என்று கின்டா என்னைக் கேட்டாள்.

"ஆமா. எத்தனை எட்டுன்னு எண்ணிட்டு வரணும்."

"நாத்து முடிச்ச எண்ணுறவளுக்கு எட்டு எண்ணத் தெரியாதா? போறேன்னு சொல்லு."

மூன்று நாள் அவளை எலாடியோ ஆற்று மணலில் நடக்கவிட்டார். வெறுங்கையாக நடக்க, கூடையோடு நடக்க, கூடை நிறையக் கருவாட்டோடு நடக்க. ஒவ்வொரு தடத்தையும் கயிறு வைத்து அளந்து குறித்தார். தலையில் சுமை ஏறினால் அவள் எட்டு நான்கு விரல் குறைந்தது. சுமைகாரப் பெண்கள் மரநிழலில் உட்கார்ந்து கேலி செய்தார்கள்.

"ஏண்டி கின்டா, பொண்டாட்டிய ஊர்ல விட்டுட்டு வந்து உன் காலடிய அளக்கிறாரே, உனக்குச் செருப்பு தைக்கவா, சீர் செய்யவா?"

"என்ன சொல்றாங்க?" என்று எலாடியோ கேட்டார். நான் சொன்னேன். அவர் நிமிராமலே, "செருப்புன்னு சொல்லு. கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரி சம்மதிக்க மாட்டா," என்றார். நான் திருப்பிச் சொன்னதும் அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழும்பிப் போயின.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்களுக்குத் துப்பாக்கி ஒரு நாட்டிலிருந்து வந்தது, தோட்டா இன்னொரு நாட்டிலிருந்து, புண்ணுக்குக் கட்டும் துணி மூன்றாவது நாட்டிலிருந்து. இந்த நாடுகளில் இரண்டு ஒன்றோடொன்று பேசுவதையே நிறுத்திவிட்டதாக வானொலியில் கேட்டோம். எங்கள் கிடங்கில் இரண்டின் பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. சாந்துமாவுக்கென்று வந்த அறுபது குண்டுகளில் முப்பத்தெட்டில் ஒரு நாட்டு எழுத்து, இருபத்திரண்டில் இன்னொரு நாட்டு எழுத்து. தூரக் கணக்குப் புத்தகம் ஒன்றுதான், அது ரஷ்ய மொழியில் இருந்தது. எலாடியோவுக்கு அதில் எண்கள் மட்டும் புரிந்தன.

"ரெண்டும் ஒரே மாதிரி போகும்னு என்னால சொல்ல முடியாது. நாலு குண்டு போட்டுப் பாக்கணும்," என்றார்.

"சத்தம் கேக்கும்," என்றார் பிதிந்தே.

"இடி இடிக்கிறப்போ போடுவோம்."

மழைக்கு முந்தைய இடி எங்களுக்குத் தினமும் மாலையில் உண்டு. ஒரு நாள் நான்கு மணிக்கு வானம் கறுத்ததும் ஆளில்லாத சதுப்புக்கு மார்ட்டரைத் தூக்கிப் போனோம். மின்னல் அடித்ததும் எலாடியோ கையை இறக்குவார், குண்டு குழாயில் இறங்கும், அதன் சத்தத்தை இடி விழுங்கிவிடும். நான்கில் ஒன்று இடிக்கு முந்திக்கொண்டது. யாரும் வரவில்லை. மழையில் நனைந்தபடி குழிகளுக்கு இடையே நடந்து அளந்தோம். இரண்டாம் எழுத்துக் குண்டுகள் எழுபது மீட்டர் கூடுதலாகப் போயிருந்தன. எலாடியோ சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அளக்காமல் போட்டிருந்தால் அந்த எழுபது மீட்டரில் என்ன இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். திரும்பி வந்ததும் அந்த எழுத்துள்ள குண்டுகளில் சுண்ணாம்பால் கோடு போட்டுத் தனியாக வைத்தார். குடிசைகளே இல்லாத ஆற்றுப் பக்கத்துக்கு மட்டும் அவை என்று முடிவாயிற்று.

தாக்குதல் வெள்ளிக்கிழமை விடிந்ததும் என்று பிதிந்தே நாள் குறித்தார். கின்டா செவ்வாய்க்கிழமை உள்ளே போய், இரவு தங்கையோடு தங்கி, புதன் காலையில் வெளியே வரவேண்டும். அவள் புறப்படும்போது தளபதி ஒன்றுதான் சொன்னார்.

"உன் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாது."

"சரி அண்ணே."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு முகாமைத் தாக்கப் போகும்போது, எங்கள் பெண் ஒருத்தி உள்ளே இருந்த அண்ணனுக்குச் சொல்லியனுப்பினாள். அவன் யாரிடம் சொன்னானோ, தூகாக்கள் பாதையில் காத்திருந்தார்கள். ஒன்பது பேரை இழந்தோம். அதில் ஒருவன் பிதிந்தேயின் தம்பி.

புதன்கிழமை ஒன்பது மணிக்குக் கின்டா காட்டுக்குள் வந்து சேர்ந்தாள். முந்தானை ஓரத்து நூல்களில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள், நூறு எட்டுக்கு ஒரு முடிச்சு. தண்ணீர்கூடக் குடிக்காமல் எலாடியோ முன்னால் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். அவர் மணலில் குச்சியால் வரைந்துகொண்டே போனார்.

"இலவ மரத்துலேர்ந்து வாசலுக்கு முந்நூத்திப் பன்னெண்டு. பாதை நேர்தான், வளைவு இல்ல. வாசல்லேர்ந்து கொடிக்கம்பம் நூத்தி நாப்பத்தஞ்சு. கம்பத்துலேர்ந்து சமையக்கட்டு அறுபது. கம்பத்துக்கு இடப்பக்கம் வானொலி ரூமு, அம்பத்திரண்டு. அங்கேர்ந்து முதல் குடிசை நாப்பது எட்டுதான், அத நல்லாக் கேட்டுக்க."

"வாசலுக்கு வலப்பக்கம் ஏதாவது இருக்கா?" என்று எலாடியோ கேட்டார். நான் கேட்டுச் சொன்னேன்.

கின்டா முந்தானை நூலின் கடைசி முடிச்சை விரலால் நெருடினாள். பிறகு, "ஊர்க்காவல் ஆளுங்க கொட்டகை. வாசல்லேர்ந்து இருபத்தஞ்சு எட்டு," என்றாள்.

அது அவளுடைய தங்கை புருஷன் இருக்கும் கொட்டகை. எலாடியோவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டுச் சொல்லியிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அவள் விடவில்லை.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு பிதிந்தேயின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இன்னொண்ணு இருக்கு. செகுந்தாகிட்ட சொல்லிட்டேன்."

பிதிந்தே எழுந்து நின்றார். "என்ன சொன்னே?"

"வெள்ளிக்கிழம விடியறதுக்கு முன்னாடியே வெறகு பொறுக்கப் போற மாதிரி வெளிய போயிருன்னு சொன்னேன். யாருகிட்டயும் சொல்லாதேன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

"ஊர்க்காவல்காரன் பொண்டாட்டிகிட்ட."

"என் தங்கச்சிகிட்ட."

"ரெண்டும் ஒரே ஆளுதானேம்மா!"

"அவ சொல்ல மாட்டா அண்ணே. செத்தாலும் சொல்ல மாட்டா."

"செத்துப்போன என் தம்பிகிட்ட போய்ச் சொல்லு இத."

எலாடியோ என் கையைத் தொட்டு என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவர் மணலில் வரைந்திருந்த கொட்டகைச் சதுரத்தைச் சிறிது நேரம் பார்த்தார்.

பிதிந்தே முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தால் எங்கள் ஐம்பது பேரும் பாதையிலேயே மாட்டலாம். கைவிட்டால் மழை வந்துவிடும், அதற்குப் பிறகு மார்ட்டரை அந்தச் சேற்றில் ஒரு முழம் நகர்த்த முடியாது. "இன்னைக்கே. மத்தியானம் அவனுங்க சாப்பிட உக்காரும்போது," என்றார்.

கின்டா அவருடைய காலருகே மண்டியிட்டாள். "அண்ணே, இன்னைக்குன்னா அவ உள்ளதான இருப்பா. என்னைத் திரும்பப் போகவிடுங்க. கருவாட்டுக் கூடைய மறந்துட்டேன்னு சொல்லிட்டுப் போறேன்."

"நீ எங்கயும் போகக்கூடாது." இரண்டு பேரை அவளுக்குக் காவல் வைத்தார். காவலுக்கு நின்றவர்களில் ஒருவன் அவளிடம் தண்ணீர்ச் சுரையை நீட்டினான். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு அவள் நின்றிருந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "நாலு மணிக்கு ஆத்துல கடல்தண்ணி எறங்கி வத்தும். வத்தினா பொம்பளைங்களை வலையோட ஆத்துக்கு விடுவாங்க. செகுந்தா ஒருநாளும் மீனுக்குப் போகாம இருக்கமாட்டா. நாலு மணிக்குப் போடுங்க. அது போதும் எனக்கு."

பிதிந்தே தலையசைத்து மறுத்தார். நான்கு மணி என்றால் இன்னும் ஆறு மணி நேரம். அதற்குள் செய்தி எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அப்போது எலாடியோ பேசினார். என்னைப் பார்க்காமல் தளபதியைப் பார்த்தே பேசினார். "கட்டளை உங்களோடது. இன்னைக்குன்னா இன்னைக்கு. ஆனா மத்தியான வெயில்ல குண்டு மருந்து சூடேறிக் கிடக்கும். இடி மழையில குளிர்ந்திருந்தப்போ அளந்த கணக்கு இது. சூட்டுல எல்லாம் அதிக தூரம் போகும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது. நாலு மணிக்கு மேகம் போட்டுச்சுன்னா நான் பொறுப்பு. மத்தியானத்துக்கு நான் பொறுப்பில்ல."

நான் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். மருந்து சூடேறினால் குண்டு கூடுதலாகப் போகும் என்பது உண்மைதான் என்று பின்னால் வேறு பீரங்கிக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் அன்று அது அவ்வளவு பெரிய வித்தியாசமா, அல்லது அந்தப் பெண்ணுக்காக அவர் ஊதிப் பெருக்கினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிதிந்தேவுக்கும் தெரிந்திருக்காது. அவர் கியூபாக்காரரின் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நாலு மணி," என்றார்.

நான்கு மணிக்கு மேகம் போட்டிருந்தது. மரத்தின் மேல் இருந்த எங்கள் ஆள், பெண்கள் வலைக்கூடைகளோடு முகாமுக்கு வெகுதூரம் கீழே ஆற்றில் இறங்குவதாகக் கையசைத்தான். எலாடியோ கின்டாவின் எட்டுகளை மீட்டராக்கி, மீட்டரைக் கோணமாக்கி, திருகாணியைத் திருகினார். முதல் குண்டு போனது. எண்ணிக்கொண்டிருந்தோம். மரத்து ஆள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். வானொலிக் கம்பம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒன்பது நிமிஷத்தில் ஐம்பத்தாறு குண்டுகளும் முடிந்தன. உடனே மார்ட்டரைக் கழற்றித் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். வானொலி இல்லாததால் விமானம் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. வந்தவை காலியான காட்டைத்தான் எரித்தன.

எதிர்த்தரப்பில் பதினொரு சிப்பாய்களும் நான்கு ஊர்க்காவல்காரர்களும் இறந்தார்கள். குடிசைகளில் மூன்று பேருக்குக் காயம், சாவு இல்லை. எங்களில் யாருக்கும் ஒன்றும் இல்லை. எல்லைக்கு அப்பாலிருந்து ஒலிபரப்பான எங்கள் வானொலி அதைப் பெரிய வெற்றி என்றது. நட்பு நாடுகளுக்கு நன்றி சொன்னது. எந்த நாடு என்று சொல்லவில்லை.

இருபத்துமூன்று நாள் கழித்து, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, தூகாக்கள் மீதிப் பேரைப் படகில் ஏற்றிக்கொண்டு சாந்துமாவை விட்டுப் போனார்கள். நாங்கள் நுழைந்தபோது சனங்கள் முள்கம்பியைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் பிதிந்தேயைக் கட்டிக்கொண்டு, "இவ்வளவு நாளா எங்கடா போயிருந்தீங்க, தடிப்பசங்களா!" என்று திட்டினார். அது வரவேற்பு.

செகுந்தா தன் குடிசை வாசலில் உரலில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். இஸ்னாபா செத்த துக்கத்துக்குத் தலையை மழித்திருந்தாள். கின்டா, பிதிந்தே, எலாடியோ, நான் என நான்கு பேரும் வருவதைப் பார்த்தும் உலக்கையை நிறுத்தவில்லை. கின்டா இரண்டு எட்டு முன்னால் போய் நின்றாள்.

"செகுந்தா."

உலக்கை நாலைந்து முறை விழுந்தது. பிறகு நின்றது.

"வெள்ளிக்கிழமன்னு சொன்னே," என்றாள் செகுந்தா.

கின்டா இன்னும் ஓர் எட்டு முன்னால் வைத்தாள்.

"வியாழக்கிழம சாயங்காலம் அவருக்கு லீவு வாங்கி வெச்சிருந்தேன். மாமியார் சாகக்கெடக்காங்கன்னு சார்ஜென்ட்கிட்டப் பொய் சொல்லி, அழுது, வாங்கினேன். எதுக்கு லீவுன்னு அவருகிட்டக்கூட நான் சொல்லல. நீ சொல்லாதேன்னே, சொல்லல. புதன்கிழம ஆத்துல வலையோட நிக்கும்போது சத்தம் கேக்குது. யாரு பொய் சொன்னதுன்னு நெனைக்கிறது நான்?"

எலாடியோ என்னிடம் கேட்டார், அவள் என்ன சொல்கிறாள் என்று. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொல்வதுதான் என் வேலை. ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தண்ணி வத்துற நேரம் வரைக்கும் தள்ளிவைக்கத்தான் கேட்டேன். அந்தக் கொட்டகைல இருந்தவனுக்காக நான் ஒண்ணும் கேக்கல," என்றார். இதை யாருக்கும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. நானும் செய்யவில்லை.

பிதிந்தே முன்னால் வந்தார்.

"உன் அக்கா பொய் சொல்லல. நாள மாத்தினது நான். நீ உன் புருஷன்கிட்ட சொல்லிருப்பேன்னு நெனச்சேன்."

"சொல்லல."

"இப்போ தெரியுது."

"இப்போ தெரிஞ்சு?"

பிதிந்தே மன்னிப்பு கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் உலக்கையை அவர் மேல் எறிந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. "உனக்கு என்ன வேணும்? என்னால ஆகுறதுன்னா சொல்லு," என்றுதான் கேட்டார்.

செகுந்தா உரலிலிருந்து அரிசியை முறத்தில் கொட்டிப் புடைத்தாள்.

"என் வயலுக்குப் போற வரப்பெல்லாம் தூகா கண்ணிவெடி பொதச்சு வெச்சிருக்கான். நடவு வரப்போகுது. எடுத்துக் குடு," என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பிதிந்தே வெடி எடுக்கத் தெரிந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினார். தளபதி அந்த வேலைக்குப் போகக்கூடாது என்று உதவித் தளபதி எவ்வளவோ சொன்னார், கேட்கவில்லை. நான்கு நாள் கத்தி முனையால் சேற்றைக் குத்திக் குத்தி நகர்ந்தார்கள். ஆறு வெடிகளை எடுத்தார்கள். ஏழாவதைக் காணாமல் விட்டுவிட்டார்கள். அது ஒரு மாட்டின் காலடியில் வெடித்தது. பிறகு வரப்பை முதலிலிருந்து இன்னொரு முறை தேடினார்கள்.

எலாடியோ மழை முடியும் முன்பே ஊருக்குத் திரும்பினார். போகும்போது கின்டாவைப் பார்க்க வந்தார். அவருடைய தொலைநோக்கியின் தோலுறையைக் கொடுத்தார். அவள் அதில் புகையிலை வைத்துக்கொண்டாள். தான் எங்கே இருந்தேன் என்று சொந்த ஊரில் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. இத்தனை மாதமும் கரும்பு ஆலையில் வேலை பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளப் போவதாக என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பிதிந்தே விடுதலையைப் பார்த்தார். அதற்குப் பிறகு தலைநகரத்தில் அவருக்கு ஒரு மேசை கொடுத்தார்கள். ஆறு மாதம் உட்கார்ந்துவிட்டு வயலுக்கே திரும்பிப் போனார்.

அந்த வருஷ நடவின்போது நான் சாந்துமாவில்தான் இருந்தேன். அக்கா தங்கை இரண்டு பேரும் ஒரே ஊரில் ஒன்றரை மாதம் பேசாமல் இருந்தார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் காலை, கின்டா தன் நாற்றங்காலிலிருந்து நாற்று பிடுங்கி, தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு செகுந்தாவின் வயலுக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. மறுகோடியில் இறங்கி நட ஆரம்பித்தாள். செகுந்தா இந்தக் கோடியிலிருந்து நட்டுக்கொண்டு வந்தாள். நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அவள் அக்காவைத் துரத்துவாளா என்று பார்த்தேன். துரத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. உச்சி வெயிலுக்கு இரண்டு பேரும் வயலின் நடுவுக்கு வந்துவிட்டார்கள், இடையில் இரண்டு வரிசைதான் மீதி. செகுந்தா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அக்காவின் கையிலிருந்த நாற்று முடிச்சைப் பார்த்தாள்.

"இவ்வளவு குட்டை நாத்தையா கொண்டாந்தே? நண்டு வெட்டிரும்."

"நீளமானது தீந்துபோச்சு."

"என் நாத்தங்கால்ல இருக்கு. போய்ப் பிடுங்கிட்டு வா."

கின்டா வரப்பேறிப் போனாள்.